படிவம் நிரப்ப முன்னர் கேட்க வேண்டிய கேள்விகள்

உயர்தரப் பெறுபேறுகள் வெளியாகி, பல்கலைக்கழக விண்ணப்பங்கள் கோரப்பட்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. அக்காவின் மகள் மாணவர் கைநூலைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். உயிரியல் பிரிவு. இரண்டாந்தரம் எழுதிய பரீட்சை. மூன்று பாடங்களிலும் சித்தியடைந்திருந்தாள். ஆனால் மருத்துவபீடத்துக்கு எங்கள் மாவட்டத்தில் கடந்த ஆண்டு இருந்த வெட்டுப்புள்ளிக்குக் கீழேயே அவளது இசட் புள்ளி நின்றது.

அதற்குள் ஆளுக்கொரு ஆலோசனை வந்திருந்தது. மூன்றாந்தரமும் எழுது, டொக்டராகத்தான் வேணும் என்றார் அக்கா. கம்பியூட்டர் படிச்சால் வெளிநாடு வரலாம் என்று கனடாவிலிருந்து பெரியப்பா சொன்னார். சித்த மருத்துவம் எடு, அதுவும் டொக்டர்தானே என்றார் பக்கத்து வீட்டு ரீச்சர். எது கிடைக்குதோ அதுக்குப் போ, கம்பஸ் போனால் போதும் என்றாள் சிநேகிதி.

"எல்லாரும் என்ன படிக்கோணும் எண்டுதான் சொல்லினம் சித்தி. படிச்சு முடிய நான் என்ன வேலை செய்வன் எண்டு ஒருத்தரும் சொல்லேல்ல" என்றாள்.

இந்தக் கட்டுரை அந்த ஒரு வசனத்திலிருந்துதான் தொடங்குகிறது. அதற்குப் பிறகு ஒரு வாரம் நாங்கள் இருவரும் தேடியவற்றையும், விசாரித்தவற்றையும் இங்கே தொகுத்திருக்கிறேன். இந்த ஆண்டு படிவம் நிரப்பும் பிள்ளைகளுக்கும், அடுத்த ஆண்டு நிரப்பப்போகிறவர்களுக்கும், அவர்களின் தாய் தந்தையருக்கும் உதவலாம்.

நான் கேட்காமல் விட்ட கேள்வி

என் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2009 ஓகஸ்டில் செட்டிகுளம் முகாமுக்குள் இருந்துகொண்டு முதல்தரம் உயர்தரப் பரீட்சை எழுதியவர்களில் நானும் ஒருத்தி. கையில் ஒரு பாடப்புத்தகமும் இருக்கவில்லை. இரண்டாந்தரத்தில் கலைப்பீடம் கிடைத்தது. முகாமில் இருந்து வந்த ஒரு பிள்ளைக்குப் பல்கலைக்கழகம் கிடைத்ததே எங்கள் வீட்டில் பெரிய காரியம். எந்தப் பாடம், அதனால் எந்த வேலை என்று கேட்க ஒருவருக்கும் மனம் வரவில்லை. எனக்கும் வரவில்லை. சிநேகிதிகள் எடுத்தார்கள், நானும் ஊடகக் கற்கையை எடுத்தேன்.

தொடர்பாடலும் ஊடகக் கற்கையும் பாடசாலைகளிலும் ஒரு பாடம் என்பதால் ஆசிரியர் நியமனம் கிடைக்கும் என்று நம்பியிருந்தேன். பட்டம் முடிந்தபிறகுதான், அந்தப் பாடத்தை நடத்தும் பாடசாலைகள் எங்கள் பக்கத்தில் எவ்வளவு குறைவு என்பதும், ஆசிரியர் வெற்றிடங்கள் பாடவாரியாகவே கோரப்படுகின்றன என்பதும் தெரிந்தது. நான் காத்திருந்த முறை என் பாடத்துக்கு வெற்றிடம் இருக்கவில்லை. இன்று கட்டுரைக்கு இவ்வளவு என்று வாங்கி எழுதும் சுதந்திர ஊடகவியலாளராக இருக்கிறேன். செய்யும் வேலையில் எனக்கு விருப்பம் உண்டு. ஆனால் இதை நான் தெரிந்து தேர்ந்தெடுக்கவில்லை. வந்து விழுந்தேன் என்பதே உண்மை.

இப்படி விழுந்தவள் நான் மட்டுமல்ல. 2017 இல் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் வேலையற்ற பட்டதாரிகள் மாதக்கணக்கில் தெருவோரத்தில் இருந்தார்கள். 2020 இல் 50,000 பட்டதாரிகளை அரச சேவையில் இணைக்கும் திட்டம் வந்தது. மாதம் 20,000 ரூபா பயிற்சிக் கொடுப்பனவுடன் தொடங்கி, பின்னர் பலர் அபிவிருத்தி உத்தியோகத்தர்கள் ஆனார்கள். விலங்கியல் படித்த என் சிநேகிதி ஒருத்தி இன்று ஒரு பிரதேச செயலகத்தில் கோவைகளை அடுக்குகிறாள். வேலை இருக்கிறது, சம்பளம் வருகிறது. படித்ததற்கும் செய்வதற்கும் தொடர்பு இல்லை. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு அப்படி ஒரு மொத்த நியமனத்தை நம்பிப் பட்டம் படிப்பதும் புத்திசாலித்தனம் அல்ல.

எங்கள் சமூகத்துக்குப் பட்டம் என்பது வெறும் படிப்பு மட்டும் அல்ல. 1970களின் தரப்படுத்தல் காலத்திலிருந்து பல்கலைக்கழக அனுமதி எங்களுக்கு அரசியலும் மானமும் கலந்த விடயம். யுத்தத்தில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த குடும்பங்களுக்குப் பிள்ளையின் படிப்பு ஒன்றே மிஞ்சிய சொத்து. அதனால்தான் உள்ளே போவதைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம். வெளியே வருவதைப் பற்றிப் பேசுவதில்லை.

வேலையிலிருந்து பின்னோக்கிப் பாருங்கள்

நாங்கள் வழமையாகச் செய்வது இதுதான்: இசட் புள்ளியைப் பார்ப்பது, அதற்கு எது கிடைக்கும் என்று பார்ப்பது, கிடைத்ததைப் படிப்பது, பிறகு வேலை தேடுவது. இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும். முதலில் வேலை. அந்த வேலைக்குச் சட்டப்படி கேட்கப்படும் தகுதி எது என்பது அடுத்தது. அந்தத் தகுதியைத் தரும் கற்கைநெறிகள் எவை என்பது மூன்றாவது. இசட் புள்ளியை அதற்குப் பிறகு பார்க்கலாம்.

அரச வேலை என்றால் இதற்கு ஊகம் தேவையில்லை. ஒவ்வொரு சேவைக்கும் பிரமாணக் குறிப்பும் ஆட்சேர்ப்புத் திட்டமும் இருக்கின்றன. எந்தப் பட்டம், எந்தப் பாடம், எந்த வயதெல்லை, போட்டிப் பரீட்சையா நேர்முகமா என்று அவற்றில் எழுதப்பட்டிருக்கும். வெள்ளிக்கிழமைகளில் வரும் அரசாங்க வர்த்தமானியில் வெற்றிட அறிவித்தல்கள் தமிழிலும் வெளிவருகின்றன. அரசாங்க அச்சகத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். கடந்த ஆண்டுகளின் அறிவித்தல்கள் சிலவற்றை எடுத்து வைத்து வாசித்தால், நீங்கள் விரும்பும் வேலைக்கு ஆட்களை அடிக்கடி எடுக்கிறார்களா, எப்போதாவது எடுக்கிறார்களா என்பதும் விளங்கிவிடும்.

அரச சேவைக்குப் போனால் இரண்டாவது அரச மொழியில் தேர்ச்சி காட்ட வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம். எங்கள் பிள்ளைகளுக்கு அது சிங்களம். நியமனம் கிடைத்தபிறகு அவதிப்படாமல், பல்கலைக்கழகக் காலத்திலேயே படித்துவிடலாம்.

பட்டம் மட்டும் போதாத தொழில்கள்

சில தொழில்களுக்குப் பட்டம் பெற்றாலும் பதிவு இல்லாமல் வேலை செய்ய முடியாது. யார் பதிவு செய்கிறார்கள், அதற்கு மேலதிகமாக என்ன கேட்கிறார்கள் என்று படிக்கப் போக முன்னரே பார்க்க வேண்டும்.

மருத்துவம்: ஐந்து வருடப் படிப்பு, அதன்பின் ஒரு வருட உள்ளகப் பயிற்சி. பதிவு இலங்கை மருத்துவ சபையில். மருந்தாளர்களும், மருத்துவ ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர்களும் இதே சபையில்தான் பதிய வேண்டும்.

சித்த மருத்துவம்: யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்திலும் உண்டு. பதிவு ஆயுர்வேத மருத்துவ சபையில். இது 1961 ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டத்தின் கீழ் உருவானது. இதைப் படித்துவிட்டு மேலைத்தேய மருத்துவராக முடியாது. சித்த மருத்துவத்தில் விருப்பம் இருப்பவர்களுக்கு அது நல்ல துறை. மருத்துவபீடம் கிடைக்காத கவலைக்கு மருந்தாக அதை எடுக்கக்கூடாது. பக்கத்து வீட்டு ரீச்சர் சொன்ன 'அதுவும் டொக்டர்தானே' என்ற வார்த்தைக்குள் இந்த வித்தியாசம் மறைந்துபோகிறது.

சட்டம்: சட்டமாணிப் பட்டம் பெற்றவர் உடனே நீதிமன்றத்தில் தோன்ற முடியாது. இலங்கைச் சட்டக் கல்லூரியின் பரீட்சைகளையும் பயிலுநர் காலத்தையும் முடித்துச் சத்தியப்பிரமாணம் செய்தபிறகே சட்டத்தரணி. அந்தக் கூடுதல் காலத்தின் செலவையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

பொறியியல்: இங்கே பெயர்க் குழப்பம் அதிகம். பொறியியல் விஞ்ஞானமாணி ஒரு பட்டம், பொறியியல் தொழில்நுட்பம் இன்னொரு பட்டம். கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ் பல்கலைக்கழகத்தின் பொறியியல்பீடமும் இருக்கிறது, தொழில்நுட்பபீடமும் இருக்கிறது. இரண்டும் ஒரே இடத்தில் இருப்பதால் இரண்டும் ஒன்று என்று நினைக்கிறவர்களைச் சந்தித்திருக்கிறேன். 2017 ஆம் ஆண்டின் பொறியியல் பேரவைச் சட்டம் இத்துறையில் வேலை செய்கிறவர்களை வெவ்வேறு வகுதிகளாகப் பதிவு செய்கிறது. நீங்கள் எடுக்கும் பட்டம் உங்களை எந்த வகுதிக்குக் கொண்டுபோகும் என்று அந்தப் பீடத்திடமே கேளுங்கள். தொழில்நுட்பப் பட்டம் குறைந்தது என்று சொல்லவில்லை. அது வேறு வேலைக்கான பட்டம்.

கலைப்பீடம்: பொதுப்பட்டம் மூன்று வருடம், சிறப்புப்பட்டம் நான்கு வருடம். ஆசிரியராக வர விரும்புபவர்கள் தங்கள் மாகாணத்தில் எந்தப் பாடங்களுக்கு ஆசிரியர் தட்டுப்பாடு என்று வலயக் கல்வி அலுவலகத்தில் விசாரித்துவிட்டுப் பாடத்தைத் தெரிய வேண்டும். நான் செய்யாமல் விட்டது இதைத்தான். அரைநாள் வேலை அது.

கைநூலை எப்படி வாசிப்பது

பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வெளியிடும் மாணவர் கைநூல் தடித்த புத்தகம். அதில் நூற்றுக்கும் மேற்பட்ட கற்கைநெறிகள் இருக்கின்றன. பெரும்பாலான பிள்ளைகள் கடைசிப் பக்கங்களில் இருக்கும் வெட்டுப்புள்ளி அட்டவணையை மட்டும் பார்க்கிறார்கள். கீழுள்ளவற்றையும் பாருங்கள்.

ஒன்று, அனுமதி முறை. பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் தரவரிசையில், 55 வீதம் மாவட்ட ஒதுக்கீட்டில், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாக. கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா ஆகியவை அந்தப் பட்டியலில் உள்ளன. சில கற்கைநெறிகளுக்கு இந்த முறை வேறுபடும். எது எப்படி என்று கைநூலில் குறிக்கப்பட்டிருக்கும். உங்கள் மாவட்டத்தின் நிரலைத்தான் பார்க்க வேண்டும், பக்கத்து மாவட்டத்தின் நிரலை அல்ல.

இரண்டு, தேவையான பாடங்கள். சில கற்கைநெறிகளுக்கு இசட் புள்ளி இருந்தாலும் குறிப்பிட்ட பாடத்தில் குறிப்பிட்ட தரம் வேண்டும். சாதாரண தரத்தின் ஆங்கிலத்தையோ கணிதத்தையோ கேட்பவையும் உண்டு. சிலவற்றுக்குத் தனியான உளச்சார்புப் பரீட்சை இருக்கிறது. அதற்கான விண்ணப்பத் திகதியைத் தவறவிட்டால் புள்ளி இருந்தும் பயனில்லை.

மூன்று, கற்பித்தல் மொழி. விஞ்ஞான, மருத்துவ, பொறியியல் கற்கைநெறிகள் ஆங்கிலத்தில் நடக்கின்றன. தமிழில் படித்துவிட்டுப் போகும் பிள்ளை முதல் வருடத்தில் தடுமாறுவது இதில்தான். அனுமதி கிடைக்கும் வரையுள்ள மாதங்களை ஆங்கிலத்துக்குக் கொடுங்கள்.

நான்கு, விருப்பு வரிசை. கற்கைநெறியும் பல்கலைக்கழகமும் சேர்ந்ததாக ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியீடு இருக்கும். அவற்றை விருப்பப்படி நிரைப்படுத்துகிறோம். உங்கள் புள்ளிக்குக் கிடைக்கக்கூடியவற்றில் எது வரிசையில் மேலே இருக்கிறதோ அதுவே தரப்படும். ஆகவே கிடைக்காது என்று பயந்து விருப்பமானதைக் கீழே தள்ள வேண்டாம். மேலே போட்டது கிடைக்காவிட்டால் கீழே உள்ளதற்கான உங்கள் உரிமை குறைவதில்லை. அதேபோல, கிடைத்தாலும் போகமாட்டேன் என்று நிச்சயமாகத் தெரிந்த ஒன்றை இடம் நிரப்பப் போட வேண்டாம்.

ஐந்து, பதிவு பற்றிய விதிகள். ஒரு கற்கைநெறிக்குப் பதிந்தபிறகு அடுத்த ஆண்டு வேறொன்றுக்கு மாறலாம் என்று வாய்வழியாகச் சொல்லப்படுவதை நம்ப வேண்டாம். கைநூலின் அந்தப் பகுதியை வாசித்துவிட்டே பதியுங்கள். பல்கலைக்கழக அனுமதிக்காக உயர்தரத்தை மூன்று தடவை மட்டுமே எழுதலாம் என்பதையும் அதனோடு சேர்த்து யோசிக்க வேண்டும்.

தகப்பன் இல்லாத குடும்பங்களுக்கு ஒரு குறிப்பு. மகாபொல, நிதியுதவிப் புலமைப்பரிசில் ஆகியவற்றுக்குக் குடும்ப வருமானம் கிராம அலுவலர் ஊடாக உறுதிப்படுத்தப்பட வேண்டும். தகப்பன் காணாமல் ஆக்கப்பட்டிருந்து, மரணச் சான்றிதழ் எடுக்க மனம் ஒப்பாத குடும்பங்கள் பல உண்டு. 2016 இல் திருத்தப்பட்ட சட்டத்தின்படி, மரணத்தை ஏற்றுக்கொள்ளாமலே, ஆள் காணாமற்போயுள்ளார் என்று உறுதிப்படுத்தும் சான்றிதழைப் பெறலாம். படிவத்தில் தகப்பனின் தொழில், வருமானம் என்று வரும் கட்டத்தில் பிள்ளை திணறி நிற்காமல், தேவைப்படும் ஆவணங்களை முன்கூட்டியே பிரதேச செயலகத்தில் கேட்டுத் தயார்செய்து வையுங்கள்.

பல்கலைக்கழகம் மட்டுமே வாசல் அல்ல

இந்தப் பகுதியை வாசிக்கும்போது பெற்றோர் முகம் சுளிக்கலாம். பொறுமையாக வாசியுங்கள்.

தேசிய கல்வியியற் கல்லூரிகள் கோப்பாய், வவுனியா, மட்டக்களப்பு, அட்டாளைச்சேனை ஆகிய இடங்களில் உள்ளன. இரண்டு வருடம் தங்கிப் படிப்பு, ஒரு வருடம் பாடசாலையில் கட்டுறுப் பயிற்சி. ஆசிரியராக வேண்டும் என்பதே நோக்கம் என்றால், பட்டம் முடித்துப் போட்டிப் பரீட்சைக்குக் காத்திருப்பதோடு இதையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

சுகாதார அமைச்சின் தாதியர் பயிற்சிக் கல்லூரிகள் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் இருக்கின்றன. மூன்று வருடப் பயிற்சி, பயிற்சிக் காலத்தில் கொடுப்பனவு. அனுமதி வர்த்தமானி ஊடாக. பதிவு பெற்ற தாதியர் பின்னர் இலங்கைத் திறந்த பல்கலைக்கழகத்தில் தாதியியல் பட்டமும் பெறலாம். உழைத்துக்கொண்டே படிக்கும் வழி இது.

தேசிய தொழில் தகைமை என்று சொல்லப்படுவது ஏழு மட்டங்களைக் கொண்டது. ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழாவது பட்டத்துக்குச் சமமான மட்டம். அதாவது கைத்தொழில் படிக்கப் போகிறவருக்கும் மேலே ஏற ஏணி உண்டு. அறிவியல் நகரில் ஜேர்மனிய உதவியுடன் 2016 இல் தொடங்கிய பயிற்சி நிறுவகம், கொக்குவில் தொழில்நுட்பக் கல்லூரி, உயர் தொழில்நுட்ப நிறுவகத்தின் யாழ்ப்பாண, திருகோணமலை, மட்டக்களப்புக் கிளைகள் ஆகியவற்றை ஒருநாள் நேரில் போய்ப் பாருங்கள். கணக்கீடு, வாகனத் தொழில்நுட்பம், மின்னியல், ஆங்கிலம் என்று பிள்ளையின் கைக்கும் மனத்துக்கும் ஏற்றது ஒன்று இருக்கலாம்.

யுத்தத்தில் உயர்தரம் எழுத முடியாமற்போன, இப்போது முப்பதைத் தாண்டிவிட்ட என் வயதுக்காரருக்கும் சொல்கிறேன். திறந்த பல்கலைக்கழகத்தின் அடிப்படைக் கற்கைநெறிகளில் உயர்தரம் இல்லாமலும் சேரலாம். யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் அதன் பிராந்திய நிலையங்கள் உண்டு.

தனியார் கல்லூரி, வெளிநாட்டுப் படிப்பு என்று வரும்போது மட்டும் மிகுந்த கவனம் தேவை. காணி ஈடு வைத்து, நகை அடகு வைத்து, வெளிநாட்டு உறவினரின் கையை எதிர்பார்த்துக் கட்டும் பணம் அது. பணம் கட்ட முன்னர், அந்தப் பட்டத்தை வழங்கும் நிறுவனம் எது, அது பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவால் அல்லது கல்வி அமைச்சால் அங்கீகரிக்கப்பட்டதா என்று எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். அங்கீகாரம் நிறுவனத்துக்கா, நீங்கள் படிக்கப்போகும் அந்தக் குறிப்பிட்ட பட்டத்துக்கா என்பதும் முக்கியம். அரசு சாராத உயர்கல்வி நிறுவனங்களில் தெரிவுசெய்யப்பட்ட பட்டங்களுக்குக் கல்வி அமைச்சின் வட்டியில்லாக் கடன் திட்டமும் இருக்கிறது. ஒரு நிறுவனம் அந்தத் திட்டத்தில் இருக்கிறதா என்று பார்ப்பதே ஒரு சோதனைதான்.

மூன்று பேரிடம் பேசுங்கள்

புத்தகமும் வர்த்தமானியும் பாதி வழி. மீதி ஆட்களிடம் இருக்கிறது. எந்தத் துறையாக இருந்தாலும் மூன்று பேரைத் தேடுங்கள். அண்மையில் படித்து முடித்த ஒருவர். சில வருடங்களாக அந்த வேலை செய்யும் ஒருவர். அதே படிப்பைப் படித்துவிட்டு வேறு வேலை செய்யும் ஒருவர். மூன்றாமவரைத் தேடத்தான் எல்லாரும் மறக்கிறார்கள். எனக்குத் தெரிந்தவரையில் அதிகம் சொல்லக்கூடியவர் அவர்தான்.

அவர்களிடம் கேட்க நாங்கள் எழுதிய கேள்விகள்:

- உங்கள் வகுப்பில் படித்தவர்கள் இப்போது எங்கே, என்ன செய்கிறார்கள்?
- பட்டம் முடித்து முதல் சம்பளம் எடுக்க எவ்வளவு காலம் சென்றது? அதுவரை யார் பார்த்தார்கள்?
- காலை முதல் மாலை வரை உண்மையில் என்ன வேலை செய்கிறீர்கள்?
- அரசாங்கம் எடுக்காவிட்டால் இந்தப் படிப்பை வைத்து வேறு எங்கே போகலாம்?
- எங்கள் ஊரிலேயே இருந்து செய்ய முடியுமா, கொழும்புக்குப் போகத்தான் வேண்டுமா?
- திரும்பவும் உயர்தரம் முடித்த அந்த நாளுக்குப் போனால் இதையே எடுப்பீர்களா?

ஆட்களைத் தெரியாது என்று இருந்துவிட வேண்டாம். பல்கலைக்கழகங்களில் தொழில் வழிகாட்டல் அலகுகள் இருக்கின்றன. மனிதவலு வேலைவாய்ப்புத் திணைக்களத்தின் உத்தியோகத்தர்கள் பிரதேச செயலகங்களில் இருக்கிறார்கள். பாடசாலையின் பழைய மாணவர் சங்கத்தில் கேட்டால் யாரோ ஒருவர் கிடைப்பார். என் அனுபவத்தில், படிக்கப்போகும் பிள்ளை நேரில் வந்து கேட்டால் ஒருவரும் முகம் திருப்புவதில்லை.

அக்கா கேட்டது

அந்த வாரம் நாங்கள் ஒரு தாதியிடமும், ஒரு மருத்துவ ஆய்வுகூடத்தில் வேலை செய்பவரிடமும், ஒரு மருந்தாளரிடமும் பேசினோம். சித்த மருத்துவம் படித்து, வேலைக்காகச் சில வருடம் காத்திருந்து, இப்போது சொந்தமாகச் சிகிச்சை நிலையம் நடத்தும் ஒருவரிடமும் பேசினோம். உயிரியல் விஞ்ஞானம் படித்துவிட்டு வங்கியில் வேலை செய்பவரை மூன்றாம் ஆளாகப் பிடித்தோம். கொப்பியின் நடுப்பக்கத்தில் கோடு கீறி எல்லாவற்றையும் எழுதினாள்.

பிறகு அக்காவிடம் போனோம். அவர் ஏன் டொக்டர், டொக்டர் என்கிறார் என்று எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். 2009 மார்ச்சில் மாத்தளனில் அத்தானுக்கு ஷெல் காயம். இரத்தம் ஏற்ற வழியில்லை, மருந்து இல்லை. இரண்டு நாள் இருந்தார். அந்த இரண்டு நாளும் பக்கத்தில் இருந்தவர் அக்கா. அப்போது பிள்ளைக்கு நான்கு வயது. அந்த விருப்பத்தை ஒரு அட்டவணையைக் காட்டி மறுக்க முடியாது. நாங்கள் மறுக்கவும் இல்லை.

அக்கா கொப்பியை நேரம் எடுத்து வாசித்தார். ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "கவுண்மேந்து எடுக்காட்டி?"

அதற்கு மகளிடம் பதில் இருந்தது. மருந்தகம் நடத்தப் பதிவு பெற்ற மருந்தாளர் ஒருவர் வேண்டும் என்பது சட்டம். அரசாங்கம் எடுக்காவிட்டாலும் தனியாரில் இடம் இருக்கும், பின்னர் தானே ஒன்றை நடத்தவும் முடியும். யாழ் பல்கலைக்கழகத்திலேயே படிக்கலாம், வீட்டிலிருந்து போய்வரலாம். "மருந்து இல்லாமத்தானே அம்மா அப்பா..." என்று தொடங்கியவள் அந்த வசனத்தை முடிக்கவில்லை.

படிவத்தில் மருத்துவத்தை முதலாவதாகப் போட்டாள். அதனால் இழப்பு எதுவும் இல்லை என்று இப்போது அவளுக்குத் தெரியும். அடுத்ததாக மருந்தகவியல். பிறகு மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம், அதன்பின் தாதியியல். தாதியர் பயிற்சிக் கல்லூரியின் வர்த்தமானி வந்தால் அதற்கும் விண்ணப்பிப்பதாக இருக்கிறாள். மூன்றாந்தரம் எழுதுவதா என்பதை வெட்டுப்புள்ளி வந்தபிறகு தாயும் மகளும் இருந்து பேசுவார்கள். என்ன கிடைக்கும் என்று இன்னும் தெரியாது. கிடைப்பது எதுவானாலும், அது எந்த வேலைக்குக் கொண்டுபோகும் என்பது அவளுக்குத் தெரியும்.

கொப்பியின் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து வைத்திருக்கிறேன். அவளுக்குப் பின்னால் தம்பி இருக்கிறான். அடுத்த வருடம் சாதாரண தரம். உயர்தரத்துக்கு எந்தப் பிரிவு என்று தெரிய முன்னரே அவனுக்கும் இந்தக் கேள்விகள் தேவைப்படும். உண்மையில் இவற்றைக் கேட்கத் தொடங்க வேண்டிய வயது அதுதான்.